40 பேர் ராஜினாமா.. ஏஐ ஆய்வை எல்லோருக்கும் திறந்துவிட்ட 'ஜே.எம்.எல்.ஆர்' ஆய்விதழின் கதை என்ன?

சாட்ஜிபிடி, மொழிபெயர்ப்பு ஆப், போட்டோவில் முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி என இன்று நம் போனில் இருக்கும் பல விஷயங்களுக்குப் பின்னால் இருப்பது 'மெஷின் லேர்னிங்' என்ற துறை. இந்தத் துறையின் முக்கியமான ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றை யார் வேண்டுமானாலும் ஒரு பைசா செலவில்லாமல் இப்போதே திறந்து படிக்கலாம்.

இது தானாக நடந்துவிடவில்லை. இதற்காக 2001ஆம் ஆண்டில் 40 விஞ்ஞானிகள் ஒரு பிரபல ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இருந்து வெளியேறினார்கள். அந்த மோதலின் மையத்தில் இருந்த புதிய இதழின் பெயர் 'ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச்'. சுருக்கமாக, ஜே.எம்.எல்.ஆர்.

அவர்கள் ஏன் வெளியேறினார்கள்? இலவச இதழை எப்படி நடத்துகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆய்விதழ் எப்படி இயங்குகிறது?

முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். ஒரு விஞ்ஞானி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அதை ஒரு கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்புவார். இதழின் ஆசிரியர் அதை அதே துறையில் இருக்கும் வேறு சில நிபுணர்களுக்கு அனுப்புவார். அவர்கள் கணக்கு சரியா, சோதனை ஒழுங்காகச் செய்யப்பட்டதா, சொல்லும் முடிவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்துக் கருத்து சொல்வார்கள். இதற்கு சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்று பெயர். அதில் தேறினால்தான் கட்டுரை வெளியாகும்.

இதில் யார் யாருக்குச் சம்பளம் கிடைக்கிறது என்று பார்த்தால்தான் பிரச்சனை புரியும்.

கட்டுரை எழுதியவருக்கு இதழ் காசு கொடுப்பதில்லை. மதிப்பாய்வு செய்பவருக்கும் பொதுவாகக் கிடையாது. ஆசிரியர் குழுவில் இருக்கும் பேராசிரியர்களில் பெரும்பாலானோர் செய்வதும் கௌரவப் பணிதான். இவர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகங்கள். ஆய்வுக்கான பணமும் பெரும்பாலும் அரசு நிதி, அதாவது மக்களின் வரிப்பணம்.

ஆனால் கட்டுரை வெளியாகும்போது அதன் பதிப்புரிமையைப் பதிப்பக நிறுவனம் எழுதி வாங்கிக்கொள்ளும். பிறகு அதே கட்டுரையைப் படிக்க, அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் அந்த நிறுவனத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். நெல்லை விளைவித்தவரே அதைக் கடையில் விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுவது போன்ற நிலைமை இது.

அச்சு இயந்திரம், காகிதம், தபால் எல்லாம் தேவைப்பட்ட காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. உலகம் முழுக்க இதழைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய வேலை, அதற்குச் செலவு உண்டு. இணையம் வந்த பிறகுதான் 'இன்னுமா இதே முறை?' என்ற கேள்வி எழுந்தது.

மோதல் எங்கே தொடங்கியது?

மெஷின் லேர்னிங் துறைக்கென்று 1986இல் 'மெஷின் லேர்னிங்' என்ற பெயரிலேயே ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. க்ளூவர் அகாடமிக் என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. அப்போது இந்தத் துறை மிகச் சிறியது. அதற்கு ஓர் அடையாளத்தைக் கொடுத்ததில் இந்த இதழுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் சந்தாத் தொகை ஒரு சிக்கலாக வளர்ந்தது. ஒரு நூலகம் இந்த ஓர் இதழுக்கு மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சமாளித்துவிடும். சிறிய கல்லூரிகள், வளரும் நாடுகளில் இருக்கும் மாணவர்கள், எந்த நிறுவனத்தையும் சேராமல் தனியாகப் படிப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அதே காலத்தில் கணினித் துறைக்காரர்கள் வேறு ஒரு வழியையும் பார்த்துவிட்டார்கள். 1993லேயே 'ஜர்னல் ஆஃப் ஆர்ட்டிஃபீஷியல் இன்டெலிஜென்ஸ் ரிசர்ச்' என்ற இதழ் இணையத்தில் இலவசமாக வரத் தொடங்கியிருந்தது. இயற்பியல் துறையில் 1991 முதல் 'ஆர்க்கைவ்' என்ற களஞ்சியத்தில் விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளை இலவசமாகப் போட்டு வந்தார்கள். தரமான மதிப்பாய்வு, இலவச வாசிப்பு இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருந்தது.

முதலில் இதழ், பிறகுதான் ராஜினாமா

'40 பேர் ராஜினாமா செய்துவிட்டுப் புதிய இதழ் தொடங்கினார்கள்' என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் வரிசை வேறு.

2000ஆம் ஆண்டிலேயே ஜே.எம்.எல்.ஆர் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ்லி பேக் கெல்பிளிங் அதன் முதல் தலைமை ஆசிரியர். ரோபோக்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை ஆராய்பவர் அவர். அந்த ஆண்டு அக்டோபரில் முதல் கட்டுரை வெளியானது. அதை எழுதியவர்கள் மரினா மெய்லா, மைக்கேல் ஜோர்டன். பேரைப் பார்த்துவிட்டு கூடைப்பந்து வீரர் என்று நினைக்க வேண்டாம். இவர் அப்போது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர்.

புதிய இதழின் விதிகள் எளிமையானவை:

* கட்டுரைகள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசம்.
* பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும்.
* கட்டுரையை வெளியிட எழுதியவரும் காசு கட்ட வேண்டியதில்லை.
* காகிதத்தில் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அச்சுப் பிரதி விலைக்கு.

அச்சுப் பிரதியை 2004 வரை எம்.ஐ.டி பிரஸ் வெளியிட்டது. அதன் பிறகு, ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் ஸ்டூவர்ட் ஷீபர் தொடங்கிய மைக்ரோடோம் என்ற சிறிய பதிப்பகம் அந்தப் பணியை ஏற்றது.

இதழ் வந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். இளம் ஆய்வாளர் ஒருவருக்கு வேலை, பதவி உயர்வு எல்லாமே எந்த இதழில் கட்டுரை வந்தது என்பதைப் பொறுத்தது. நேற்று முளைத்த இதழில் எழுதினால் யார் மதிப்பார்கள்? நல்ல பெயர் இருந்தால்தான் நல்ல கட்டுரை வரும், நல்ல கட்டுரை வந்தால்தான் நல்ல பெயர் வரும். கோழியா, முட்டையா கதைதான்.

2001 அக்டோபர்: என்ன நடந்தது?

இந்தச் சிக்கலை உடைத்தது 2001 அக்டோபரில் வெளியான ஒரு பகிரங்கக் கடிதம். பழைய 'மெஷின் லேர்னிங்' இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த 40 பேர் அதில் கையெழுத்திட்டு, பதவியிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தார்கள்.

அவர்களின் வாதம் இதுதான். ஆய்விதழ் என்பது ஆய்வாளர் சமூகத்துக்குச் சேவை செய்ய இருக்கிறது. இணையக் காலத்தில் ஒரு கட்டுரையை உலகம் முழுக்கக் கொண்டு சேர்க்கப் பெரிய செலவு இல்லை. அப்படி இருக்கும்போது எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையில் கட்டணச் சுவர் எழுப்புவது அந்தச் சமூகத்துக்கு நன்மை செய்யாது.

கையெழுத்திட்டவர்கள் யார் என்பதுதான் முக்கியம். ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெங்கியோ, ரிச்சர்ட் சட்டன், ஆண்ட்ரூ பார்ட்டோ, டாஃப்னி கோலர், ஸ்டூவர்ட் ரஸ்ஸல், மைக்கேல் ஜோர்டன் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இவர்களில் ஹின்டனும் பெங்கியோவும் பின்னாளில் 2018ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை யான் லெகுனுடன் சேர்ந்து பெற்றார்கள். கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் விருது அது. 2024க்கான டூரிங் விருது பார்ட்டோவுக்கும் சட்டனுக்கும் கிடைத்தது. ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது.

அதாவது துறையின் பெரிய தலைகளே 'எங்கள் பெயர் இனி இந்தப் பக்கம்' என்று மாறி நின்றார்கள். ஒரு இதழின் மதிப்பு பதிப்பகத்தின் பெயர்ப்பலகையில் இல்லை, அதற்காக உழைக்கும் ஆய்வாளர்களிடம்தான் இருக்கிறது என்பதை அந்த ஒரு கடிதம் காட்டிவிட்டது.

பழைய இதழ் என்ன ஆனது?

மூடப்படவில்லை. 'மெஷின் லேர்னிங்' இதழ் இன்றும் வருகிறது. க்ளூவர் நிறுவனம் பின்னர் ஸ்பிரிங்கருடன் இணைந்ததால் இப்போது அதை வெளியிடுவது ஸ்பிரிங்கர்.

ஆனால் ராஜினாமாவுக்குப் பலன் இருந்தது. மதிப்பாய்வு முடிந்த தங்கள் கட்டுரைகளை எழுதியவர்களே இணையத்தில் போட்டுக்கொள்ள அனுமதிக்கும் வகையில் க்ளூவர் தன் விதியை மாற்றியது. விலகியவர்களுக்கு மட்டும் அல்ல, அந்த இதழிலேயே தொடர்ந்தவர்களுக்கும் இதனால் நன்மை கிடைத்தது.

கணினித் துறையில் இது தனிச் சம்பவமும் அல்ல. 'ஜர்னல் ஆஃப் அல்காரிதம்ஸ்' இதழை எல்சவியர் நிறுவனம் வெளியிட்டு வந்தது. அதன் விலை உயர்வு பற்றி, கணினி அறிவியலின் மூத்த மேதை டொனால்டு நூத் 2003 அக்டோபரில் சக ஆசிரியர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அந்த ஆசிரியர் குழுவும் விலகியது. அதற்கு மாற்றாக ஏ.சி.எம் என்ற கணினியாளர் சங்கத்தின் சார்பில் புதிய இதழ் உருவானது.

இலவசம்னா செலவே இல்லையா?

இங்கேதான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். படிப்பவரும் காசு தர வேண்டாம், எழுதுபவரும் தர வேண்டாம் என்றால் இதழ் எப்படி ஓடுகிறது?

இதே கேள்விக்கு 2012இல் ஷீபர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கணக்குப்படி ஜே.எம்.எல்.ஆரில் ஒரு கட்டுரை வெளியாக ஆன பணச் செலவு 10 டாலரைக்கூடத் தொடவில்லை. சுமார் ஆறரை டாலர்தான். அதிலும் பெரிய செலவு என்ன தெரியுமா? இதழை நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்பின் வரிக் கணக்கைப் பார்க்கும் கணக்காளருக்கான கட்டணம்!

இது எப்படி சாத்தியம்?

* மதிப்பாய்வும் ஆசிரியர் பணியும் எந்த இதழிலும் போல இங்கும் இலவச உழைப்பு.
* இணையதளம் எம்.ஐ.டியின் சர்வரில் இயங்கியது.
* பக்க வடிவமைப்பை எழுதுபவர்களே செய்துவிடுவார்கள். கணினித் துறையினர் 'லாடெக்' என்ற மென்பொருளில் எழுதிப் பழகியவர்கள். அதற்கு அடித்தளமான 'டெக்' மென்பொருளை உருவாக்கியவர் அதே டொனால்டு நூத்.
* இணையதளத்தைப் பராமரிக்கும் வேலையையும் தன்னார்வலர்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, செலவு இல்லை என்று அர்த்தமில்லை. அது பல்கலைக்கழகங்களிலும் தனிமனிதர்களின் நேரத்திலும் பரவிக் கிடக்கிறது. ஆனால் சந்தா முறையிலும் அந்த உழைப்பு இலவசமாகத்தான் போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண். கட்டுரையை எல்லோருக்கும் திறந்துவைக்க எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. 'நேச்சர்' இதழ் 2020இல் இதற்காக அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. படிப்பவர் முன்னால் இருந்த சுவர், இப்படி எழுதுபவர் முன்னால் நகர்ந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் கட்டணம் இல்லாத ஜே.எம்.எல்.ஆர் போன்ற முறையை 'டைமண்ட் ஓப்பன் ஆக்சஸ்' என்கிறார்கள்.

இந்த இதழில் வந்த முக்கியக் கட்டுரைகள்

இலவசம் என்பதால் தரம் குறைந்ததா? இதில் வெளியான சில கட்டுரைகளைப் பார்த்தாலே பதில் கிடைக்கும்.

2003: யோஷுவா பெங்கியோ குழுவின் கட்டுரை. அடுத்து வரும் சொல் எது என்று நியூரல் நெட்வொர்க் மூலம் கணிப்பது பற்றியது. இன்றைய சாட்பாட்களின் அடிப்படை வேலையும் அடுத்த சொல்லைக் கணிப்பதுதான்.

2003: டேவிட் பிளை, ஆண்ட்ரூ இங், மைக்கேல் ஜோர்டன் எழுதிய எல்.டி.ஏ கட்டுரை. ஆயிரக்கணக்கான ஆவணங்களைக் கொடுத்தால், அவற்றில் என்னென்ன தலைப்புகள் பேசப்படுகின்றன என்று கணினியே பிரித்துக் காட்டும் முறை இது.

2008: லாரன்ஸ் வான் டெர் மாட்டனும் ஹின்டனும் எழுதிய 'டி-எஸ்.என்.இ' கட்டுரை. சிக்கலான தரவுகளை ஒரு படமாக வரைந்து பார்க்க உதவும் முறை. உயிரியல் ஆய்வாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

2011: 'சைகிட்-லேர்ன்' மென்பொருளை அறிமுகப்படுத்திய கட்டுரை. மொத்தம் 6 பக்கம்தான். டேட்டா சயின்ஸ் படிக்கும் மாணவர்கள் பலருக்கும் கைப்பழக்கமான கருவி இது. இலவச மென்பொருட்களுக்கு என்றே ஜே.எம்.எல்.ஆரில் ஒரு தனிப் பகுதி உண்டு.

2014: 'டிராப்அவுட்' கட்டுரை. பாடத்தை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கும் தந்திரம் என்று இதைச் சொல்லலாம். முதல் பெயர் நிதிஷ் ஸ்ரீவஸ்தவா. ஹின்டனும், பின்னாளில் ஓப்பன்ஏஐ நிறுவனர்களில் ஒருவரான இல்யா சுட்ஸ்கெவரும் உடன் எழுதியவர்கள்.

2020 முதல் கூகுளின் 'டி5', 'பாம்' போன்ற பெரிய மொழி மாடல்கள் பற்றிய கட்டுரைகளும் இங்கே வெளியாகின.

2018இல் மீண்டும் ஒரு குரல்

ஏஐ துறை பெரிதானதும் பெரிய பதிப்பகங்களின் கவனம் திரும்பியது. 'நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ்' என்ற சந்தா இதழ் 2019 ஜனவரியில் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது.

இதற்கு எதிராக 2018இல் ஓர் அறிக்கை வெளியானது. அந்த இதழில் எழுத மாட்டோம், மதிப்பாய்வு செய்ய மாட்டோம், ஆசிரியராக இருக்க மாட்டோம் என்று 3,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இதை முன்னெடுத்த டாம் டீட்ரிச், ஒரு காலத்தில் பழைய 'மெஷின் லேர்னிங்' இதழின் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். 2001 கடிதத்திலும் கையெழுத்திட்டவர்.

திட்டமிட்டபடி அந்த இதழ் வெளிவந்தது, இன்றும் வருகிறது. ஆனால் இந்தத் துறையில் கட்டணச் சுவரை இயல்பான விஷயமாகப் பலரும் ஏற்றுக்கொள்வதில்லை என்பது அப்போது தெரிந்துவிட்டது.

குறையே இல்லையா?

உண்டு. முதலாவது, தன்னார்வ உழைப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. கட்டுரைகள் குவியக் குவிய, மதிப்பாய்வுக்கு ஆள் தேடுவது கஷ்டமாகிறது. நீண்ட கட்டுரையை நுணுக்கமாகப் படித்து முடிவு சொல்ல மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டாவது, ஏஐ துறையின் வேகம். இதழின் முடிவுக்காகக் காத்திருக்காமல், ஆண்டுதோறும் நடக்கும் நியூரிப்ஸ், ஐ.சி.எம்.எல் போன்ற மாநாடுகளுக்கே பெரும்பாலானோர் கட்டுரை அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, எல்லாத் துறையாலும் இதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. கணினிக்காரர்களுக்கு இணையதளம் நடத்தவும் பக்கம் வடிவமைக்கவும் தெரியும். வரலாறு, மருத்துவம் போன்ற துறைகளில் மொழித் திருத்தம், படங்கள், வடிவமைப்புக்கு ஆட்களும் பணமும் தேவை.

இவற்றில் முதல் இரண்டு சிக்கல்களுக்கு அந்தக் குடும்பத்திலிருந்தே தீர்வுகள் வந்தன. மாநாட்டுக் கட்டுரைகளை இலவசமாக வெளியிட ஒரு தனித் தொடர் உருவானது. 'பி.எம்.எல்.ஆர்' என்று அழைக்கப்படும் அதில்தான் ஐ.சி.எம்.எல் மாநாட்டுக் கட்டுரைகள் வருகின்றன.

2022இல் 'டி.எம்.எல்.ஆர்' என்ற தங்கை இதழும் தொடங்கியது. இதில் ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் கட்டுரை அனுப்பலாம். 'இது உலகையே மாற்றுமா?' என்று பார்ப்பதைவிட, 'சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா? யாருக்காவது பயன்படுமா?' என்றுதான் பார்ப்பார்கள். வெளியான கட்டுரைகளுக்கு மதிப்பாய்வாளர்கள் சொன்ன கருத்துகளையும் பொதுவில் படிக்கலாம்.

தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டியில் இயங்கும் 'ஏஐ4பாரத்' ஆய்வுக் குழு, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் 'இண்டிக்டிரான்ஸ்2' என்ற மொழிபெயர்ப்பு மாடலை உருவாக்கியது. அந்தக் கட்டுரை 2023இல் வெளியானது டி.எம்.எல்.ஆர் இதழில்தான். கணினி எப்படித் தமிழைப் புரிந்துகொள்கிறது என்று அறிய விரும்பும் எந்த ஊர்க் கல்லூரி மாணவரும் அதைச் சந்தா இல்லாமல் படிக்கலாம்.

மற்ற துறைகளில் நிலைமை அப்படி இல்லை. மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் படிக்க, 2025 முதல் 2027 வரையிலான 3 ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ.6,000 கோடி. 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்களுக்கு இது கதவைத் திறக்கிறது. ஆனால் கதவின் சாவி இன்னும் பதிப்பகங்களின் கையில்தான். சந்தாக் காலம் முடிந்தால் மறுபடியும் பேரம் பேச வேண்டும்.

40 பேர் 2001இல் எழுப்பிய கேள்வி இதுதான்: எழுதுவதும், சரிபார்ப்பதும், தேர்ந்தெடுப்பதும் நாம்தான் என்றால், சாவி ஏன் வேறு ஒருவரிடம் இருக்க வேண்டும்? ஒரு துறை அதற்குத் தன் பதிலைச் சொல்லிவிட்டது. அதன் முதல் கட்டுரையிலிருந்து இன்று வந்த கட்டுரை வரை, உங்கள் போனிலேயே திறந்து பார்க்கலாம்.